குடோனுக்குப் போகிறேன் என்றேன்

திருப்பதியில் மேனேஜராக இருப்பவனுக்கு, வேலை உத்தரவில் எழுதாத ஒரு வேலை உண்டு. ஹைதராபாத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கம்பெனியின் பெரிய தலைகள் யார் வந்தாலும், அந்தத் தலைகளின் சகலை, சம்பந்தி, பக்கத்து வீட்டுக்காரர் யார் வந்தாலும், ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் போய் நின்று அழைத்துவந்து, ரூம் பார்த்து, சிபாரிசுக் கடிதம் வாங்கி, மலைக்குக் கூட்டிப்போய், தரிசனம் செய்துவைத்து, லட்டுப் பையோடு வண்டியேற்றிவிட வேண்டும். எங்கள் ஆபீசில் இதற்கு ‘புரோட்டோகால்’ என்று மரியாதையான பெயர் வைத்திருந்தார்கள். சாமி கும்பிடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று வேறு ஊர் மேனேஜர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். விற்பனை குறைந்தால்கூட மன்னிப்பு கிடைக்கும், மேலதிகாரியின் வீட்டுக்காரர்களுக்குத் தரிசனம் தவறினால் கிடைக்காது என்று நான் நம்பினேன். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நானாகவே நம்பினேன்.

எங்களுடையது சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கும் கம்பெனி. சாந்திபுரத்திலிருந்து சத்தியவேடு வரை டீலர்களைப் பார்ப்பது என் பொறுப்பு. ஏரியா மேனேஜராகி எட்டு மாதம் ஆகியிருந்தது. பதவியை உறுதி செய்யும் கடிதம் மட்டும் வரவில்லை. அது வரும்வரை ஹைதராபாத் நம்பரிலிருந்து போன் வந்தால் நான் எழுந்து நின்றுதான் பேசுவேன். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து நிற்பேன். என் மனைவி அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

அவளும் மேனேஜர்தான். ஏர்பேடு பக்கம் போனுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட் முழுக்க அவள் கையில். வயிற்றில் எட்டரை மாதம். சித்தூரிலிருக்கும் அவள் அம்மா சீமந்தம் முடிந்த கையோடு கூட்டிப்போக வந்தார். இவள் போக மறுத்துவிட்டாள். பிரசவ லீவை முன்னாடியே எடுத்தால் பின்னாடி குழந்தையோடு இருக்கும் நாள் குறையும் என்பது அவள் கணக்கு. கடைசி வாரம்வரை வேலைக்குப் போவது, அப்புறம் மொத்த லீவையும் குழந்தைக்குக் கொடுப்பது. நானும் சரி என்றேன். எல்லாவற்றையும் திட்டம் போட்டுச் செய்கிறவர்கள் என்று எங்களுக்குள் ஒரு கர்வம் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு பேர் வேலை நாளையும் டாக்டர் தேதிகளையும் இரண்டு நிறத்தில் எழுதி ஒட்டியிருந்தோம்.

அந்தத் தாளில் என்னுடைய நிறத்தில் இருந்த தேதிகளை நான்தான் அடிக்கடி அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். முந்தைய மாதம் ஸ்கேன் எடுக்கும் நாளில் யாரோ ஒரு டைரக்டரின் சிநேகிதரோடு மலையில் இருந்தேன். அவள் தனியாகப் போய்வந்தாள். அன்று சாயங்காலம் சண்டை. பிரசவம் முடிகிறவரை மலைப்பக்கம் போகமாட்டேன் என்று அவள் தலைமேல் கைவைத்துச் சொன்னேன். சொல்லி மூன்று வாரம் ஆகவில்லை, ஹைதராபாத்திலிருந்து போன் வந்தது. எங்கள் ஜோனல் ஹெட்டின் மாமனார், மாமியார் வருகிறார்கள். கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவரே கேட்டார். முடியுமா என்றுதான் கேட்டார். நான் எழுந்து நின்று, ‘ஷ்யூர் சார்’ என்றேன்.

அன்று காலை ஐந்தரை மணிக்கு நான் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வயிற்றின்மேல் இருந்தது.

“ஏங்க, நேத்து சாயங்காலத்துல இருந்து உள்ள ஆடறதே கம்மியா கீது.”

எனக்கு ஒரு நொடி நெஞ்சு நின்றது. உண்மை. ஆனால் லாட்ஜ் ரூமில் அந்த இரண்டு பெரியவர்கள் தயாராகி உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் அதே நொடியில் ஞாபகம் வந்தது.

“தூங்கிக்கினு இருக்கும். இனிப்பா எதுனா துன்னுட்டு இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படு. டாக்டரம்மா அப்படித்தானே சொன்னாங்க?”

“அதெல்லாம் பண்ணிட்டேன். எண்ணிக்கினேதான் இருக்கேன். சரி, நீங்க இன்னா இவ்ளோ சீக்கிரம்?”

“ரேணிகுண்டா குடோன்ல ஸ்டாக் எடுக்கறாங்க. ஹெட் ஆபீஸ்ல இருந்து ஆளுங்க வந்துகீறாங்க. மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்.”

 இன்னிக்கு லீவு சொல்லிட்டேன் என்று மட்டும் சொன்னாள். பேன்ட் சட்டையில் கிளம்பினேன். மலைக்கு வேண்டிய வேட்டியும் துண்டும் லேப்டாப் பைக்குள் மடித்து வைத்திருந்தேன். லேப்டாப்பைப் பீரோவில் ஒளித்து வைத்துவிட்டு வேட்டியைச் சுமந்துகொண்டு படியிறங்கிய அந்த மனுஷனை இப்போது நினைத்தாலும் அறையலாம் போல இருக்கிறது.

பெரியவர்கள் இருவரும் நல்லவர்கள். இதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மாமனார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மாமியார் வழியெல்லாம் என்னைப் ‘பாபு, பாபு’ என்று கூப்பிட்டு, டிபன் டப்பாவிலிருந்து புளிசாதம் எடுத்துக் கொடுத்தார். மலைமேல் போனதும் வேட்டிக்கு மாறி, வழக்கம்போல மூன்று பேர் போனையும் அணைத்து ஒரே பையில் போட்டுக் கவுன்டரில் கொடுத்தேன். கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. சீட்டை மாமனார் வாங்கி மடியில் செருகிக்கொண்டார். இதை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அன்றைக்குத்தான் போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது கை வெறுமையாக இருப்பது தெரிந்தது.

சிபாரிசுக் கடிதத்தோடு போனாலும் அன்று நல்ல கூட்டம். எங்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்துக் கம்பிக் கதவைச் சாத்தினார்கள். முன்னால் போன கூட்டம் நகர்ந்தால்தான் கதவு திறக்கும். வழக்கமாக அந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக் குட்டித்தூக்கம் போடுவேன். அன்று உட்காரவே முடியவில்லை.

எட்டு மணிக்குப் பயம் சின்னதாகத்தான் இருந்தது. இந்நேரம் ஆடியிருக்கும், அவள் சிரித்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். ஒன்பது மணிக்கு அந்தச் சமாதானம் நிற்கவில்லை. சாயங்காலத்திலிருந்து ஆடுவது கம்மி என்றாளே, சாயங்காலத்திலிருந்து காலைவரை எத்தனை மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணினேன். எண்ணியிருக்கக் கூடாது. அப்புறம் எதைப் பார்த்தாலும் அந்த எண்ணிக்கைதான். பக்கத்தில் ஒரு இளம்பெண் மடியில் கைக்குழந்தையைப் போட்டுக்கொண்டிருந்தாள். அது காலை உதைத்து உதைத்து விளையாடியது. ஒரு உதை என் முழங்கையில் பட்டது. அவ்வளவு சின்னக் கால், அவ்வளவு பலம். நான் எழுந்து வேறு இடத்தில் போய் நின்றேன்.

கதவருகே ஒரு சேவகர் நின்றிருந்தார். அவரிடம் போய், வீட்டில் அவசரம், என்னை வெளியே விடுங்கள் என்று சொன்னால் விட்டுவிடுவார். எத்தனையோ பேர் அப்படி வெளியே போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தைத் தெலுங்கில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்று முறை எழுந்து பாதி தூரம் போனேன். மூன்று முறையும், பெரியவர்களை நடுவில் விட்டுவிட்டு வந்தவன் என்று ஹைதராபாத்தில் யாரோ சொல்வது காதில் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.  எனக்கு அன்று இரண்டு பயம் இருந்தது. சின்னப் பயம் பெரிய பயத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

மாமியார் தெலுங்கில் கேட்டார்: “பாபு, உனக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா?”

“அடுத்த மாதம் அம்மா.”

“ஐயோ, நல்லது. மனைவி சௌக்கியமா இருக்கிறாளா?”

கேட்டுவிட்டாரே, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் கத்தினான். நான் பல்லைக் காட்டி, “பாகுந்தம்மா” என்றேன். நன்றாக இருக்கிறாள் என்று. இரண்டாவது பொய். 

கதவு திறந்து, நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து சந்நிதிக்குப் போகும்போது பதினொன்றரை இருக்கும். கோடிப் பேர் ஏங்குகிற அந்த இரண்டு நொடியில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கம். போனை என் கையில் கொடு என்றுதான் கேட்டேன். வெளியே வந்ததும் மாமியார் விமானத்தைப் பார்த்துக் கும்பிட்டார், உண்டியலில் போட்டார், பிரசாதம் வாங்கி நின்று மெதுவாகச் சாப்பிட்டார். மாமனார் எனக்கு நெற்றியில் நாமத்தைச் சரிசெய்து விட்டார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். சட்டையில்லாத முதுகில் வியர்வை ஓடியது.

போன் கைக்கு வந்து, அதை ஆன் செய்ததும், டிங் டிங் என்று வரிசையாக வந்து விழுந்தது. ஜோனல் ஹெட்: தரிசனம் நன்றாக ஆனதா. ஒரு டீலர். ஆபீஸ். மறுபடி ஜோனல் ஹெட். அவளிடமிருந்து ஒன்றுமில்லை. ஒரு அழைப்புகூட இல்லை. முதலில் உடம்பெல்லாம் லேசாயிற்று. ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் கூப்பிடவில்லை. வண்டி நிறுத்துமிடம் வரும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. பிறகுதான் உறைத்தது. தினமும் பதினொரு மணிக்கு, டீ குடிச்சீங்களா என்று ஒரு வரியாவது அனுப்புகிறவள் அவள். நான் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு முறை. இன்னொரு முறை. சித்தூருக்கு, என் மாமியாருக்குப் பண்ணினேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. என் குரலைக் கேட்டு அவரும் அழ ஆரம்பித்துவிட்டார்.

கார் கீழே இறங்கத் தொடங்கியது. மலைப்பாதையில் இறங்குகிற வண்டிக்கு மேலேயே நேரம் போட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். குறித்த நிமிடத்துக்குமுன் கீழே போய் நின்றால் அபராதம். டிரைவரிடம், வேகமாகப் போ என்றேன். “சார், சீக்கிரம் போனாலும் கீழ கேட்ல நிக்கத்தான் வைப்பாங்க” என்றான். ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் போய்விட்டு வந்தது. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ யாரோ எடுத்தார்கள். ஒரு நர்ஸ். மேடம் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார், சீக்கிரம் வாருங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

போன் என் மடியில் விழுந்தது. என்ன என்று பின்சீட்டிலிருந்து மாமியார் கேட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் அவள் சொன்னதை, நான் குடோன் என்று சொன்னதை.  அந்த அம்மாள், “நுவ்வு மனிஷிவேனா?” என்றார். நீ மனிதன்தானா என்று. “நாங்கள் என்ன கைக்குழந்தைகளா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்களே போய்க் கும்பிட்டு வந்திருக்கமாட்டோமா? எங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னாயா?” சொல்லவில்லை என்றேன். “அவன் உன்னைக் கடித்துத் தின்றுவிடுவானா?” என்றார். மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே இறங்கியதும் அவர்களாகவே ஆட்டோ பிடித்துக்கொண்டு, காரை எனக்கு விட்டார்கள்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் நான் ஏறியபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேட்டி, மேலே ஒரு துண்டு, நெற்றி நிறைய நாமம். யாரோ வேண்டுதல் முடித்து நேராக வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

நடந்தது இவ்வளவுதான். நான் போன பிறகு அவள் பத்தரை மணிவரை எண்ணியிருக்கிறாள். ஒரு அசைவும் இல்லை. தானே பைல் எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, ஆட்டோவில் வந்திருக்கிறாள். மானிட்டரில் குழந்தையின் இதயத் துடிப்பு விழுந்து விழுந்து எழுந்திருக்கிறது. உடனே எடுக்க வேண்டும், கணவர் எங்கே, கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நானே போடுகிறேன் என்று வாங்கிப் போட்டிருக்கிறாள். கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. பெண் குழந்தை. பிறந்து சில நிமிடம் அழவில்லை. இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, மூச்சுக்கு உதவி கொடுத்திருக்கிறோம், சாயங்காலம்வரை ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. என்னைத் திட்டவில்லை. “உங்க வைஃப் சமயத்துக்கு வந்துட்டாங்க” என்றார்.

சாயங்காலம் என்பது எத்தனை மணி என்று யாரும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பேன். அவர்கள் என்னைப் பார்க்காமல் போனால் கெட்ட செய்தி, பார்த்தாலும் கெட்ட செய்தி என்று தோன்றியது. ஜோனல் ஹெட் கூப்பிட்டார். அவர் மாமியார் சொல்லியிருக்க வேண்டும். “என்னய்யா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வேறு ஆளை அனுப்பியிருப்பேனே” என்றார். அவர் குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. ஒரு பேச்சுக்குக்கூடப் பழி போட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

ஐந்து மணிக்குமேல் குழந்தைகள் டாக்டர் வந்து, குழந்தை தானாக மூச்சு விடுகிறது, பயப்பட வேண்டாம் என்றார். பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கவிட்டார்கள். பூப்போட்ட துணி சுற்றிக் கிடந்தது. ஒரு கால் மட்டும் வெளியே. உதைத்தது. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவளை அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கண் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்வை நெற்றியில் நின்றது.

“குடோன்ல நாமம் போடறாங்களா?” என்றாள்.

கட்டிலில் தலைவைத்து அழுதேன். மன்னிச்சுடு என்று எத்தனை தடவை சொன்னேனோ. அவள் கையை என் தலைமேல் வைத்தாள். அது போதும், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். என்னைப்போன்ற ஆட்கள் அவ்வளவு சீக்கிரம் நினைத்துவிடுவோம்.

நர்ஸ் பைலோடு வந்து, கூட இருப்பவருக்குப் பாஸ் எழுத வேண்டும் என்றாள். பைலைத் திறந்து நான் இருந்த பக்கம் வைத்தாள். சேர்க்கைப் படிவம். என் மனைவியின் கையெழுத்து, வலியிலும் வரி கோணாத எழுத்து. கணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள என்ற இடத்தில் வேறு யாருடைய பெயரோ, எனக்குத் தெரியாத ஒரு போன் நம்பர்.

“இது யாரு?” என்றேன்.

“என் லைன்ல வேல செய்ற பொண்ணு. ஏர்பேட்டு பக்கம்.”

“என் நம்பர் குடுக்கல?”

“எதுனான்னா, கூப்டா எடுக்கற நம்பரா குடுங்கன்னாங்க. உங்க நம்பர்தான் மொதல்ல வாயில வந்துச்சு. அப்பறம் யோசிச்சேன்.” சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். குரலில் குத்தல் இல்லை. ஷிப்டுக்கு ஆள் போடும்போது யார் வருவார், யார் வரமாட்டார் என்று சொல்வாளே, அதே குரல்.

அன்று முழுக்க நான் பயந்ததெல்லாம் சாவுக்கு. அது விலகிப்போன பிறகு, விளக்கு எரிகிற அந்த அறையில், குழந்தையும் மனைவியும் பிழைத்துக் கிடக்கும்போது, காலையிலிருந்து வராத ஒரு பயம் வந்தது. நான் இல்லாமலே இருக்க இவள் பழகிக்கொண்டுவிட்டாள்.

அந்த நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு வராந்தாவுக்கு வந்தேன். எதற்காகப் பண்ணினேன் என்று இன்றும் தெரியவில்லை. நன்றி சொல்லவா, அல்லது அந்தப் பெண்ணும் எடுக்கமாட்டாள் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளவா.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை. “ஹலோ, மேடம் எப்டி கீறாங்க? பாப்பா அழுதுச்சா?” மூச்சு வாங்கியது. “நான் கீழதான் கீறேன், மதியத்துல இருந்து. பாப்பாவுக்குத் துணி கேட்டாங்க, வாங்கிக் குடுத்துட்டேன். ரத்தம் வேணும்னாலும் சொல்லுங்க, எங்க லைன்ல ரெண்டு பேர் வந்துகினு இருக்காங்க. மேல வரட்டா?”

நான் வராந்தாக் கைப்பிடியில் குனிந்து கீழே பார்த்தேன்.

“ஹலோ? யாருங்க பேசறது?”

அவங்க வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.